ஓடும்போதா, ஓடி நின்ற பிறகா?

டாக்டர் பதில்கள்

குறுவட்டம், மாவட்டம் என்று பள்ளி விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிட்டால் சர்க்கரையும் மூட்டுவலியும் பின்னால் போய்விடும். 'ஓடினால் பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது' என்ற கடிதங்கள்தான் குவியும். இந்த மாதம் அவற்றுக்கு மட்டும் பதில். நான் நெஞ்சுநோய் நிபுணர் இல்லை. மலையில் பொது மருத்துவம் பார்க்கிறவள். விளையாட்டு விழா நடந்தால் மைதான ஓரத்தில் முதலுதவி மேசை போட்டு உட்கார்கிறவள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. 1,500 மீட்டர் ஓட்டத்தில் குறுவட்டத்தில் முதலாவதாக வந்தான். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. ஓடி முடித்து, எல்லோரும் கைகொடுத்து, போட்டோ எடுக்கும் நேரத்தில் இருமல் ஆரம்பிக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அரை மணி, முக்கால் மணியில் தானாகச் சரியாகிறது. பனிக்காலத்தில் ரொம்ப மோசம். பி.டி. மாஸ்டர் "ஸ்டாமினா பத்தலை, ஓட ஓடச் சரியாயிடும்" என்கிறார். மாமியார் "இழுப்பு வர்ற பிள்ளையை எதுக்கு ஓட விடறே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டு பேரையுமே கேட்க வேண்டாம், அம்மா. ஸ்டாமினா இல்லாத பையன் 1,500 மீட்டரில் முதலாவதாக வர மாட்டான். மாமியார் சொல்கிறபடி வீட்டில் உட்கார வைக்கவும் அவசியமில்லை.

உங்கள் கடிதத்தில் மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு மிகவும் வேண்டிய விவரம் ஒன்றை நீங்களே எழுதிவிட்டீர்கள்: போட்டோ எடுக்கும் நேரத்தில். ஓடிக்கொண்டிருக்கும்போது இல்லை, நின்று ஐந்து பத்து நிமிடம் கழித்து. மூச்சுக்குழாய் சுருங்குவதால் வரும் திணறல் பெரும்பாலும் இந்த நேரக்கணக்கில்தான் வரும். ஓட்டம் நின்ற 5 முதல் 15 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், 30 முதல் 60 நிமிடத்தில் தணியும். என்னிடம் அழைத்து வருகிறவர்களிடம் நான் முதலில் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதில்லை. "ஓடும்போதா, ஓடி நின்ற பிறகா? உள்ளே இழுக்கக் கஷ்டமா, வெளியே விடக் கஷ்டமா?" என்றுதான் கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இது ஏன் வருகிறது என்றால், சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் காற்றை மூக்கு வழியாக இழுக்கிறோம். வேகமாக ஓடுகிற பையன் 80, 100 லிட்டர் வரை வாய் வழியாக இழுப்பான். அத்தனை காற்றையும் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஈரமாக்க வேண்டியது மூச்சுக்குழாயின் உள்தோல். உறைபனி விழும் காலையை நாம் ஈரமான காலை என்று நினைக்கிறோம். ஈரமெல்லாம் புல்லில்தான். 37 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 44 கிராம் வரை நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமைக்கூடத் தாங்காது. மிச்சத்தைப் பையனின் மூச்சுக்குழாய்தான் தன் ஈரத்திலிருந்து கொடுக்கிறது. அப்படி வறண்டதும் அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின், லியூக்கோட்ரையீன் போன்ற பொருள்களைக் கக்கும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சை விடும்போது விசில் சத்தம் எல்லாம் அதனால்தான்.

சந்தேகத்தை உறுதிசெய்துகொள்ளாமல் மருந்து வேண்டாம். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையை ஓடுவதற்கு முன்னும் ஓடிய பின்னும் செய்வார்கள். ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் மூச்சுக்குழாய் சுருக்கம்தான். கோவை வரை உடனே போக முடியாவிட்டால், ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை மருந்துக்கடையில் வாங்கி, மைதானத்திலேயே ஓடும் முன் ஒரு தடவை, ஓடிய பிறகு 5, 10, 15-ஆவது நிமிடங்களில் ஊதச் சொல்லி நோட்டில் எழுதிக் கொண்டுவாருங்கள். மைதானத்தின் குளிரில் எடுத்த அந்த நாலு எண்களைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஏசி அறையில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டால் சில பிள்ளைகளுக்கு ஒன்றுமே வராது.

உறுதியானால், ஓடுவதற்கு 10, 15 நிமிடம் முன்பு, மூச்சுக்குழாயை விரிக்கும் நீல நிற சால்புடமால் பம்ப் இரண்டு அழுத்து. "பம்ப் போட்டால் பழகிடும், அப்புறம் விடவே முடியாது" என்பதை இந்த மலையில் நான் கேட்காத வாரம் இல்லை. பழகிப்போவது பம்ப் இல்லை, அம்மா. கவனிக்காமல் விட்ட ஆஸ்துமா. வாரத்தில் பல நாள் இந்த நீல பம்ப் தேவைப்பட்டாலோ, ராத்திரியும் இருமினாலோ, உள்ளே வீக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குத் தினமும் உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களுக்கு நீல பம்பை மட்டும் தனியாகக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டு அமைப்பான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது. உறிஞ்சும் ஸ்டீராய்டின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. ஜிம்மில் ஊசி போட்டு உடம்பு ஏற்றுகிற சமாச்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆஸ்துமாவுக்கு டாக்டர் மான்டெலுகாஸ்ட் என்ற மாத்திரை எழுதியிருந்தால் சாப்பிடலாம். ஆனால் கெட்ட கனவு, காரணமில்லாத கோபம், மனச்சோர்வு தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் இதற்கென்றே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. பதின்வயதுக் கோபம் வேறு, மாத்திரைக் கோபம் வேறு. தாய்க்கு வித்தியாசம் தெரியும்.

பம்ப் அடிப்பதில்தான் பத்தில் எட்டுப் பேர் கோட்டை விடுகிறார்கள் என்பது மேசையில் உட்கார்ந்து பார்க்கும் எனக்குத் தோன்றும் கணக்கு. வாயைத் திறந்து, நாக்கில் 'புஸ்' என்று அடித்து, விழுங்கிவிட்டு ஓடுவார்கள். அது நாக்குக்குத்தான் வைத்தியம். நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். உதட்டால் வாய்ப்பகுதியை இறுக்கிக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அழுத்த வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, பிறகு விட வேண்டும். அரை நிமிடமாவது விட்டுத்தான் அடுத்தது. பம்பில் மாட்டி இழுக்கும் ஸ்பேசர் குடுவை இருந்தால் இத்தனை கச்சிதம் தேவையில்லை. 14 வயதுக்காரனுக்கு அது வெட்கமாக இருக்கும், பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்று மலைக்காரர்களுக்கு மட்டும்: பனியில் பம்பை மைதானத்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனால் டப்பா ஜில்லிட்டு மருந்து சரியாகப் பீய்ச்சாது. ஸ்வெட்டருக்குள், உடம்போடு ஒட்டி இருக்கட்டும்.

மருந்து போக, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் பயிற்சி. சும்மா கையை ஆட்டுவது போதாது. பத்துப் பதினைந்து நிமிடம், இடையிடையே சின்னச் சின்ன வேக ஓட்டத்தோடு இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் இந்தத் தொல்லை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த இரண்டு மணி நேரம் சுருக்கம் குறைவாக இருக்கும். உறைபனிக் காலையில் வாயையும் மூக்கையும் மூடி ஒரு மஃப்ளர் கட்டிக்கொண்டு பயிற்சி ஓடட்டும். விறகடுப்புப் புகை உள்ள அறையில் படுக்க வைக்காதீர்கள்.

மாமியாரிடம் பவுலா ராட்கிளிஃப் என்ற இங்கிலாந்துப் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். 14 வயதில் அவருக்கு ஆஸ்துமா என்று தெரிந்தது. 2003-இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இழுப்பு வந்த பிள்ளைதான் அவரும்.

கேள்வி: டாக்டர் ஆன்ட்டி, நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஸ்கூல் ஃபுட்பால் டீமில் இருக்கிறேன். மேட்ச் சூடு பிடிக்கும்போது திடீரென்று தொண்டையை யாரோ பிடித்த மாதிரி ஆகிறது. மூச்சு உள்ளே போக மாட்டேன் என்கிறது. இழுக்கும்போது 'ஈ...' என்று ஒரு சத்தம். வெளியே வந்து உட்கார்ந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடும். டாக்டர் வீசிங் என்று பம்ப் கொடுத்தார். ஒரு வருஷமாக அடிக்கிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. சீக்கிரம் சரியாகிவிடுவதால் டீமில் எல்லோரும் நடிக்கிறேன் என்கிறார்கள்.
— மாணவி, குன்னூர்

பதில்: நீ நடிக்கவில்லை, கண்ணு. மேலே கோத்தகிரித் தம்பியின் கதையைப் படித்துவிட்டு உன் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார். அவனுக்கு ஓடி நின்ற பிறகு. உனக்கு ஓட்டத்தின் உச்சத்தில். அவனுக்கு வெளியே விட முடியவில்லை. உனக்கு உள்ளே இழுக்க முடியவில்லை. அவனுக்கு நெஞ்சில், உனக்குத் தொண்டையில். அவனுக்கு அரை மணிக்கு மேல். உனக்கு மூன்று நிமிடம். இது வேறு சங்கதி.

குரல்வளை, மூச்சு இழுக்கும்போது விரிய வேண்டிய இடம். சிலருக்கு, அதிலும் உன் வயதுப் பெண்களுக்கு, கடுமையாக ஓடும்போது அது விரிவதற்குப் பதிலாக உள்பக்கம் சாய்ந்து ஒடுங்கும். பையன்களுக்கு இந்த வயதில் குரல் உடைந்து குரல்வளை பெரிதாகிவிடுகிறது. பெண்களுக்கு வழி சின்னதாகவே இருக்கிறது என்பது ஒரு காரணம். அபூர்வ நோய் என்று பயந்துவிடாதே. ஸ்வீடனில் உப்சாலா நகரில் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 5.7 சதவீதம் பேருக்கு இந்தக் குரல்வளை ஒடுக்கம் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதே ஆய்வில் மூச்சுக்குழாய் சுருக்கம் 19.2 சதவீதம். இரண்டும் சேர்ந்தே உள்ளவர்களும் உண்டு. அதனால் பம்பை நீயாகத் தூக்கிப் போட்டுவிடாதே. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய் "இதனால் குறையவே இல்லை" என்று சொல். நிறைய பிள்ளைகள் சொல்லாமலே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டரும் மருந்து கேட்கிறது என்று நினைத்து அதையே தொடர்ந்து எழுதுகிறார்.

அடுத்த தடவை வரும்போது தோழியிடம் சொல்லி, உன் முகமும் கழுத்தும் தெரிய, சத்தம் கேட்க, செல்போனில் வீடியோ எடுக்கச் சொல். அறைக்குள் நீ வந்து உட்காரும்போது எல்லாம் சரியாக இருக்கும், ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. அந்த வீடியோவைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டு. ஓடிக்கொண்டே இருக்கும்போது மூக்கு வழியாகக் கேமரா விட்டுக் குரல்வளையைப் பார்க்கும் சோதனைதான் இதை உறுதிப்படுத்தும். அது பெரிய ஊர்களில் சில இடங்களில்தான் உண்டு.

இதற்கு வைத்தியம் பெரும்பாலும் மருந்து இல்லை, பயிற்சி. திக்குவாய்க்குப் பயிற்சி கொடுக்கிறார்களே, அந்தப் பேச்சுப் பயிற்சியாளர்தான் இதையும் சொல்லிக் கொடுப்பார். இப்போதைக்கு ஒன்று செய்து பார். தொண்டை இறுகுவது போலத் தெரிந்ததுமே வேகத்தைக் குறை. தோளைத் தூக்காதே, கழுத்தை இறுக்காதே. பூவை மோந்து பார்ப்பதுபோல மூக்கால் குட்டிக் குட்டியாக இரண்டு தடவை இழு. உதட்டைக் குவித்து நீளமாக ஊதி விடு. இப்படிப் பத்து தடவை. இதை வீட்டில் சும்மா இருக்கும்போது தினமும் பழக வேண்டும். மேட்சில் முதல் தடவையாகச் செய்து பார்த்தால் வராது.

டீமில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடு.

கேள்வி: மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிக்கு என் மாணவர்களை ஊட்டிக்கு அழைத்து வருகிறேன். போன தடவை நன்றாக ஓடுகிற பையன்கள்கூடப் பாதியிலேயே வாயைப் பிளந்தார்கள். எத்தனை நாள் முன்பே வந்தால் சரியாகும்?
— உடற்கல்வி ஆசிரியர், மேட்டுப்பாளையம்

பதில்: மாஸ்டர், உங்கள் பையன்கள் மேல் தப்பில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240. இரண்டு மூன்று மணி நேர பஸ் பயணத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் 21 சதவீதம் என்பது மாறாது. ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைவு.

1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய இதே 2,240 மீட்டர்தான். அங்கே 10,000 மீட்டரில் தங்கம் வாங்கிய கென்யாவின் நஃப்தாலி டெமு எடுத்துக்கொண்ட நேரம் 29 நிமிடம் 27 நொடி. அன்றைய உலக சாதனை ரான் கிளார்க்கின் 27 நிமிடம் 39 நொடி. அந்தக் கிளார்க்கே அதே ஓட்டத்தில் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார், ஆக்சிஜன் வைத்தார்கள். அதே மைதானத்தில்தான் பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டி உலக சாதனை படைத்தார். மெல்லிய காற்று குறுகிய வேகத்துக்குச் சாதகம், நீண்ட ஓட்டத்துக்குப் பாதகம்.

ஆகவே 100, 200, நீளம் தாண்டுகிறவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. 800-க்கு மேல் ஓடுகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே வந்தால் நல்லது. பள்ளியில் அது நடக்காது, எனக்கும் தெரியும். அப்படியானால் முந்தின நாள் வந்து மறுநாள் ஓடிவிடுவது, மூன்று நாள் முன்பு வந்து முதல் நாளே மைதானத்தில் விரட்டி எடுப்பதைவிட மேல். முதல் சுற்றை வழக்கமான வேகத்தில் ஓடவே கூடாது என்று சொல்லி வையுங்கள். குளிரில் தாகம் தெரியாது. கேட்காமலே தண்ணீர் கொடுங்கள். ஹோட்டல் அறையில் குளிருக்குக் கரி அடுப்பு வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. அது மூச்சுத் திணறல்கூட இல்லாமல் ஆளை முடித்துவிடும்.

கேள்வி: பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் விளையாட்டுப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு மாணவன், நல்ல ஓட்டக்காரன், மேடேறி ஓடவிட்டால் சில நிமிடத்தில் தொடையும் இடுப்பும் விட்டுப்போய் மடங்கி விழுகிறான். மூச்சு வேகமாக வாங்குகிறது. நினைவு இருக்கிறது, பேசுகிறான். ஆஸ்துமாவா?
— பந்தலூர்

பதில்: ஆஸ்துமாவாக எனக்குப் படவில்லை. முதலில் அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரைக் கோளாறு) சோதனை செய்தாகிவிட்டதா என்று பாருங்கள். இந்தியாவில் அரிவாள் செல் ரத்தம் முதன்முதலில் பதிவானதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால் நோயாளி இல்லை, தாங்கி என்போம். வாழ்நாள் முழுக்க ஒன்றும் தெரியாமலே இருப்பார்கள். ஆனால் நிறுத்தாமல் உச்ச வேகம், தண்ணீர் இல்லாமை, வெயில், உயரம் இவை சேர்ந்தால் சிவப்பணுக்கள் வளைந்து தசைக்குப் போகும் ரத்தம் அடைபடலாம். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பிள்ளை ஊட்டி மைதானத்துக்கு வருவதே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம்.

விழுந்தவனை "எழுந்து ஓடு" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். படுக்க வைத்து, ஆக்சிஜன் இருந்தால் கொடுத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். சோதனையில் தாங்கி என்று வந்தாலும் விளையாட்டை நிறுத்த வேண்டாம். மெதுவாக வேகம் கூட்டுவது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே நன்றாக ஓய்வு, தாராளமாகத் தண்ணீர், அவன் வலி என்றால் அந்த நொடியே நிறுத்துவது, இவ்வளவுதான். சோதனை முடிவை அசெம்பிளியில் வாசிக்கிற வழக்கம் எங்காவது இருந்தால் அதை நிறுத்துங்கள். அவனுக்கும் வீட்டாருக்கும் உங்களுக்கும் தெரிந்தால் போதும்.

கேள்வி: என் பையன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தான். ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டான். வீசிங் என்று நெபுலைசர் வைத்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் போட்டி. அனுப்பலாமா?
— ஊட்டி

பதில்: அனுப்பாதீர்கள். ஓடி முடித்து நின்றபின் தலைசுற்றி விழுவது வேறு, ஓடும்போதே விழுவது வேறு. இரண்டாவது, இதயம் என்று எடுத்துக்கொண்டு அது இல்லை என்று நிரூபணமாகும் வரை ஒரு சுற்றுகூட ஓடக்கூடாது. இ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுத்து இதய டாக்டர் பார்க்க வேண்டும். குடும்பத்தில் 50 வயதுக்குள் திடீரென்று இறந்தவர்கள், காரணம் தெரியாமல் தண்ணீரில் மூழ்கிப் போனவர்கள் யாராவது உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லி உங்களுக்கு போன் செய்யச் சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஹாஸ்டலில் தங்கி கோ-கோ விளையாடும் என் மகள், ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வாங்குவது அதிகமாகிறது என்கிறாள். இருமல், சத்தம் எதுவும் இல்லை. மாதவிலக்கு அதிகம்.
— வாசகி, கொடைக்கானல்

பதில்: ரத்தச் சோகையைப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இருந்தது. ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பிலேயே சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அதனால் சமவெளிக் கணக்கில் 12 வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் சாப்பாட்டோடும் அதற்கு முன்பின் ஒரு மணி நேரமும் டீ வேண்டாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிற என்னை ஊரார் மன்னிக்க வேண்டும்.

கேள்வி: மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறேன். ஆஸ்துமா பம்ப் அடித்தால் ஊக்கமருந்து சோதனையில் மாட்டிக்கொள்வேனா?
— மாணவர், குன்னூர்

பதில்: சால்புடமால் பம்ப் என்றால் மாட்ட மாட்டாய், தம்பி; அளவோடு இருந்தால். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விதிப்படி எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது, 24 மணி நேரத்தில் மொத்தம் 1,600. ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் என்றால் 8 மணி நேரத்துக்கு ஆறு அழுத்து. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் அன்று நீ ஓடவே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீ பயப்பட வேண்டியது பம்புக்கு இல்லை, இருமல் டானிக்குக்கு. நம் கடைகளில் கிடைக்கும் பல சிரப்புகளில் டெர்புட்டலின் இருக்கிறது. முன் அனுமதி வாங்காமல் அது எப்போதுமே தடை. சால்புடமாலே ஆனாலும் மாத்திரையாகவோ சிரப்பாகவோ குடித்தால் தடை. இழுப்புக்கு என்று கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். வாயால் சாப்பிடும் ஸ்டீராய்டு போட்டி நாளில் தடை. அட்டையில்லாத மாத்திரையை வாங்கவே வாங்காதே. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படி. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் அந்தப் பெயரைப் போட்டுப் பார். டாக்டர் சீட்டின் நகலையும் பம்பையும் மேனேஜர் பையில் கொடுக்காமல் உன் பையிலேயே வைத்துக்கொள். மேனேஜர் எப்போதும் வேறு பஸ்ஸில்தான் வருவார்.